விளக்கிச் சொன்னவர் கையொப்பம்

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு டாக்டர் ஸ்மிதா அப்பாவின் வலது கண்ணிமையைக் கட்டைவிரலால் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு டார்ச் அடித்தார். இடது கண்ணை அவருடன் வந்த பயிற்சி டாக்டர் ஒருவர் உள்ளங்கையால் மூடியிருந்தார். "பெளகு காணுத்தா?" என்று கேட்டார் டாக்டர். வெளிச்சம் தெரிகிறதா என்று அர்த்தம். "சொல்ப காணுத்தெ" என்றார் அப்பா, கொஞ்சம் தெரிகிறது என்று. டாக்டர் டார்ச்சை அணைத்தார். அணைத்த டார்ச்சை அதே இடத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி கேட்டார். அப்பா மறுபடியும், கொஞ்சம் தெரிகிறது என்றார். நான் கட்டிலின் கால்மாட்டில் மூத்திரம் அளக்கும் ஜாடியோடு நின்றிருந்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜாடியின் கோடுகளைப் பார்த்தேன்.

அப்பா கௌதள்ளிக்காரர்; கொள்ளேகாலத்திலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகிற வழியில், தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கிற கர்நாடக ஊர். இரண்டரை ஏக்கரில் மக்காச்சோளமும் மஞ்சளும் போடுகிறார். ஒன்பது வருடமாகச் சர்க்கரை. மாத்திரை போட்டால் கிறுகிறுவென்று வருகிறது என்று மஞ்சள் வெட்டுகிற நேரத்தில் அதை நிறுத்திவிட்டார். முதலில் மேல் கடைவாய்ப் பல்லில் வலி. கொள்ளேகாலத்தில் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம் கன்னம் மரத்துப்போனது, மூக்கிலிருந்து கறுப்பாகப் பொருக்கு வந்தது, வலது இமை தானாக விழுந்து மூடிக்கொண்டது. மைசூரில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று சர்க்கரை நானூற்று எண்பது. வாயைத் திறக்கச் சொல்லி மேலண்ணத்தில் இருந்த கறுப்புத் திட்டைப் பார்த்ததுமே இங்கே எல்லாரும் வேகமாக நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். கொரோனா சமயத்தில் டி.வி.யில் ஓயாமல் சொன்னார்களே, அந்தக் கறுப்புப் பூஞ்சைதான். அது ரத்தக் குழாய்களுக்குள் புகுந்து அடைத்துவிடுமாம். ரத்தம் போகாத சதை கறுத்துச் செத்துவிடுமாம். மூக்கு வழியாகக் கேமராவை விட்டு, செத்ததையெல்லாம் சுரண்டி எடுத்து ஆறு நாள் ஆகியிருந்தது. தினமும் பூஞ்சைக்கான மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கியது. வெளிச்சம் படக்கூடாது என்று அந்தப் பையைக் கறுப்புத் தாளால் சுற்றி மாட்டினார்கள். மருந்து சிறுநீரகத்தை வாட்டும் என்பதால், உள்ளே போகிற தண்ணீரும் வெளியே வருகிற மூத்திரமும் எவ்வளவு என்று எழுதச் சொல்லி சிஸ்டர் ஸ்ரீதேவி என்னிடம் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தார். நான் நேரம் போட்டு, அளவு போட்டு, பக்கத்தில் சந்தேகங்களையும் எழுதி வந்தேன்.

அப்பாவுக்கு மற்ற எதுவும் பெரிதாகப் படவில்லை. தினமும் டாக்டர்கள் வரும்போதெல்லாம் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்: "கண்ணு தெகியோக்கே ஆக்தில்லாம்மா." கண்ணைத் திறக்க முடியவில்லை. கன்னடத்தில் கதவைத் திற என்பதற்கு 'பாகிலு தெகி' என்பார்கள். கண்ணைத் திறப்பதற்கும் அதே 'தெகி'தான். ஆறு நாளும் இதையே கேட்டு வந்த டாக்டர் ஸ்மிதா அன்று டார்ச்சைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"யஜமான்ரே, கண்ணு தெகீபேகாகத்தெ. தட மாடோஹாகில்லா."

கண்ணைத் 'தெகி'ய வேண்டியிருக்கும், தள்ளிப்போட முடியாது என்று. அப்பாவின் முகத்தில் வீங்காத பாதி மலர்ந்தது. "ஆய்த்தம்மா, தெகீரி. அதக்கே அல்வா நாவு பந்திரோது?" என்றார். சரிம்மா, தெகியுங்கள், அதற்குத்தானே வந்திருக்கிறோம். டாக்டர் பிடித்திருந்த கையை விட்டார். பிறகு அப்பாவின் தோளைத் தட்டிவிட்டு எழுந்து, இவரைப் பார்த்துத் தைரியத்தைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று பயிற்சி டாக்டர்களிடம் கன்னடத்தில் சொன்னார்.

கன்னடத்தில் 'தெகி' என்றால் திற. 'தெகி' என்றால் எடு என்றும் அர்த்தம். சட்டையைக் கழற்றுவதும், முள்ளைப் பிடுங்குவதும், அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுப்பதும் 'தெகி'தான். முன்னும் பின்னும் இருக்கும் சொற்களை வைத்துத்தான் எது என்று புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு உடனே புரிந்தது. ஆனால் புரிந்த மறு நொடியே, தப்பாகப் புரிந்துகொண்டேனோ என்று தோன்றியது. எனக்கு எப்போதும் அப்படித்தான். பகலில் கூரியர் ஆபீசில் முகவரிகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது பின்கோடை மூன்று தடவை சரிபார்ப்பேன். மாலைக் கல்லூரியில் விடை தெரிந்தாலும் கையைத் தூக்கமாட்டேன். அதனால் டாக்டர் பின்னாலேயே போய் லிப்டுக்கு முன்னால் நிறுத்திக் கேட்டேன், தெகியோது அந்தரே, தெகியோது என்றால் என்ன அர்த்தம் என்று.

"தெகெதுஹாக்கோது" என்றார் அவர், குரலை இறக்கி. எடுத்துப் போட்டுவிடுவது. இந்தச் சொல்லை மட்டும் கட்டிலில் சொல்லியிருந்தால் அப்பாவுக்குப் புரிந்திருக்கும். 'ஹாக்கு' என்பதை விட்டுவிட்டு, மரியாதைக்காகச் சொல்லின் மென்மையான பாதியை மட்டும் அவர் சொல்லியிருந்தார். பூஞ்சை கண்ணுக்குப் பின்னால் போய்விட்டது, ஸ்கேனில் தெரிகிறது, அந்தக் கண்ணில் இனிப் பார்வை வராது, விட்டால் மூளைக்குப் போய்விடும், கண்ணோடு சேர்த்துக் குழியையும் சுத்தம் செய்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, சனிக்கிழமை காலை செய்யலாம் என்றார். "நிறைய பேர் ஒத்துக்கொள்ளவே ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள். அந்த ஒரு வாரத்தில் அவர்களை இழந்துவிடுவோம். உங்கள் அப்பா ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அதிர்ஷ்டம் உங்களுக்கு" என்றார். அவருக்குப் புரியவில்லை மேடம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். டாக்டரின் போன் அடித்தது. பேசிக்கொண்டே படியிறங்கினார். லிப்டுக்கும் படிக்கும் நடுவில் ஏழெட்டு அடிதான் இருக்கும். நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு காரணம் இருந்தது. நான்கு வருடத்துக்கு முன்னால் அப்பாவின் இடது கால் விரலில் புண் வந்து, எடுத்துவிட வேண்டும் என்று கொள்ளேகாலத்தில் சொன்னார்கள். அப்பா, என் பொறுப்பில் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டார். விரல் ஆறிவிட்டது. அதிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் செருப்பைக் கழற்றி அந்த விரலைக் காட்டுவார். "டாக்டரு கையில குடுத்திருந்தா இன்னைக்கு இது ஏதுங்?" என்பார். எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால் அன்று சாயங்காலமே கௌதள்ளி பஸ்ஸில் இருப்பார். இது எனக்கு நிச்சயமாகத் தெரியும். என் வாழ்க்கையில் நிச்சயமாகத் தெரிந்த சில விஷயங்களில் இது ஒன்று.

ஆனாலும் ஹம்ஸாவுக்கு போன் செய்தேன். அவள் என் வகுப்பில் படிக்கிறவள், மைசூர் அக்ரஹாரத்தில் எங்கள் அறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. வீட்டில் தமிழ்தான், ஆனால் கன்னடத்தில்தான் கோபப்படுவாள்.

"கண்ணு தெகீபேகுன்னு டாக்டர் சொன்னா நீ என்னன்னு எடுத்துப்ப?"

"கண் டெஸ்ட்டுக்குப் போனியா? தொறக்கணும்னு அர்த்தம் கணே."

"ஆபரேஷன் டாக்டர் சொன்னா?"

பின்னால் குக்கர் விசில் கேட்டது.

"அய்யோ" என்றாள். "பூங்கு, அப்பாவுக்கா? அவருக்கு சொல்லிட்டியா?"

"அவரு தொறக்கறதுன்னு நெனச்சுட்டிருக்காரு."

"சரி, நீ சொல்லிடு. இல்ல சொல்லாத. ஏய், எனக்கு கொத்தில்லா கணே, தெரியலடி, நான் இப்ப என்ன சொல்லட்டும்?" என்று அழ ஆரம்பித்தாள். கடைசியில் நான்தான் அவளைச் சமாதானப்படுத்தி வைக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்தபோது அப்பா போனில் அம்மாவுடன் பேசிக்கொண்டிருந்தார். மாடுகளையும் மஞ்சளையும் விட்டுவிட்டு அம்மாவால் வர முடியவில்லை. அப்பாவுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவார். "சனிக்கெழம தொறந்து உடறாங்களாமா, மாதம்மா. அந்த டாக்டரம்மா எம்பட கையப் புடிச்சுட்டு அத்தன தன்மையாச் சொல்லுச்சு" என்றார். "இப்பத்தானுங் அந்த மாதேஸ்வரன் கண்ணத் தொறந்திருக்கறான்" என்று அம்மாவின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "பக்கத்துல அம்மணி இருக்குதா? ஏங்கண்ணு, சாப்புட்டயா? அப்பன நல்லாப் பாத்துக்க கண்ணு." நான் சாப்பிட்டேன் என்றேன். சாப்பிட்டிருக்கவில்லை. ஜாடியைக் கழுவப் போனேன்.

பக்கத்துக் கட்டிலில் பாச்சு மாமா இருந்தார். ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் இதே நோய்தான். இடது கண்ணை எடுத்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சும் பிளாஸ்திரியும். ஒரு கண்ணால் செய்தித்தாளை எழுத்து விடாமல் படித்து, படித்ததையெல்லாம் எங்களுக்குச் சொல்வார். அப்பாவுக்கு அவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அவருக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு உரக்கவே என்னிடம் சொல்வார்: "பாவம், அவிய கண்ணவே எடுத்துப்போட்டாங்க. நம்முளுக்குத் தொறக்கறதோட போச்சு." புதன்கிழமை மத்தியானம் அவரிடமே கேட்டுவிட்டார்.

"சாமி, தொறந்து உட்டா எத்தன நாள்ல பார்வ நல்லாத் தெரியுமுங்?"

பாச்சு மாமா செய்தித்தாளை இறக்கினார். "என்னத்தத் தொறந்து?"

"கண்ணத்தானுங். சனிக்கெழம எனக்குத் தொறக்கறாங்களே."

பாச்சு மாமாவின் ஒற்றைக் கண் அப்பாவிடமிருந்து என்னிடம் வந்தது. நான் தலையை அசைக்கக்கூட இல்லை. அசைத்தேனா என்று இப்போதும் யோசித்துப் பார்க்கிறேன். அசைக்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "அது... ஸ்வல்ப டைம் ஆகும் ஓய். சும்னே அதையே யோசனை பண்ணிண்டிருக்காதேயும்" என்று சொல்லிவிட்டு, செய்தித்தாளை முகத்துக்கு வெகு அருகில் பிடித்துக்கொண்டார். அன்று அதற்குமேல் எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை.

என் ஒருத்தியுடைய பொய்யாக இருந்தது இப்போது இரண்டு கட்டிலுக்கும் பொதுவாகிவிட்டது. இரவில் அப்பாவுக்குத் துணையிருக்கப் பெரியப்பா மகன் குமார் அண்ணன் ஆலை வேலை முடித்து நஞ்சன்கூட்டிலிருந்து வருவான். வாசலிலேயே அவனை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன். ஆம்பளை நீ சொன்னால் அப்பா கேட்பார் என்றேன். அவன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை. "ஏ அம்மணி, அதெல்லாம் எனக்கு வராது. சித்தப்பன் மொகத்தப் பாத்து நான் எப்புடிச் சொல்றது? நீதான் படிச்ச புள்ள, கன்னடமும் உனக்குத்தான் நல்லா வரும்" என்றான். இதில் கன்னடம் எங்கே வந்தது என்று கேட்டேன். தமிழில்தானே சொல்ல வேண்டும்? "அதான் வராதுங்கறேன்" என்றான்.

வியாழக்கிழமை காலை மருந்து ஏறும்போது அப்பாவுக்கு நடுக்கம் வந்துவிட்டது. பற்கள் அடித்துக்கொண்டன, கட்டில் ஆடியது. இரண்டு கம்பளி போட்டு, ஊசி போட்டு, சொட்டின் வேகத்தைக் குறைத்தார்கள். அடங்கியதும் அவர் வெட்கத்தோடு சிரித்தார். பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று கசப்பாக ஒரு சிரப் கொடுத்தார்கள். இந்த நிலையில் எப்படிச் சொல்வது என்று நோட்டில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்த்தபோது, நடுக்கம் வந்ததில் எனக்கு ஒரு சின்ன நிம்மதி இருந்தது தெரிந்தது. அந்த வரியை அடித்தேன். அடித்த பின்பும் அது படிக்கிற மாதிரிதான் இருந்தது.

அன்று மத்தியானம்தான் சிஸ்டர் ஸ்ரீதேவி சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்தார். ஒரு பக்கம் ஆங்கிலம், ஒரு பக்கம் கன்னடம். கன்னடப் பக்கத்தில் 'பலகண்ணு தெகெயுவ சஸ்த்ரசிகித்ஸெ' என்று அச்சடித்த மாதிரி அழகான கையெழுத்தில் நிரப்பியிருந்தார்கள். வலது கண்ணைத் 'தெகி'யும் அறுவைச் சிகிச்சை; அதிலும் அதே சொல். கீழே அப்பா கையெழுத்துப் போட ஒரு கோடு. அதற்கும் கீழே இன்னொரு கோடு. நோயாளிக்குத் தெரிந்த மொழியில் மேற்கண்டவை முழுவதும் விளக்கிச் சொல்லப்பட்டன, மொழி, விளக்கிச் சொன்னவர் பெயர், கையொப்பம்.

"இது நீங்க போடணும்" என்றார் சிஸ்டர் கன்னடத்தில். "எங்களுக்குத் தமிழ் வராது. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வேணும். அப்பதான் லிஸ்ட்ல பேர் ஏறும்."

படிவத்தை நோட்டுக்குள் வைத்து, நோட்டைப் பைக்குள் வைத்து, பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். குழாயடிக்குப் போனேன். பாச்சு மாமாவின் மனைவி சீதாலக்ஷ்மி மாமி அங்கே பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டார்.

"ஏன்டீம்மா, நெஜமாவே அவருக்குத் தெரியாதா?"

நான் பக்கத்துக் குழாயைத் திறந்தேன்.

"எங்காத்துக்காரர்கிட்ட நான்தான் சொன்னேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசலை. காபி குடுத்தா வாங்கிண்டு, மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிண்டுதான் குடிச்சார்." பிளாஸ்கைக் கவிழ்த்துத் தட்டினார். "மயக்கம் தெளிஞ்சதும் மொதல்ல கைதான் அங்கே போறது. கண்ணு முழிக்கறதுக்கு முன்னாடியே கை போயிடறது. நான் கையப் புடிச்சுண்டே உக்காந்திருந்தேன். தெரிஞ்சவருக்கே அப்படி."

வேறெதுவும் சொல்லாமல் போய்விட்டார். ஆனால் எனக்கு அந்தக் கை தெரிந்துவிட்டது. மஞ்சள் கறை ஏறிய நகங்களோடு அப்பாவின் வலது கை, கட்டுக்கு மேலே மெதுவாகத் தடவி, பள்ளத்தில் இறங்குவது. அப்போது நான் எங்கே நிற்பேன்? கட்டிலுக்கு எந்தப் பக்கம்?

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குப் படிவத்தை வெளியே எடுத்தேன். மொழி என்ற இடத்தில் 'தமிழ்' என்று எழுதினேன். பெயர் என்ற இடத்தில் 'பூங்குழலி, மகள்' என்று எழுதினேன். கையொப்பத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அதுவரை நான் பொய் எதுவும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்திருந்தேன். அப்பா தப்பாகப் புரிந்துகொண்டார். நான் சும்மா இருந்தேன், அவ்வளவுதான். இந்தக் கோட்டில் எழுதினால் அது சும்மா இருந்தது ஆகாது. எழுதாவிட்டால் நாளைக்கு ஆபரேஷன் இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தக் கோட்டில் வந்துதான் முட்டினேன்.

அப்பா தலையணையில் சாய்ந்து, கறுப்புத் தாள் சுற்றிய பையிலிருந்து விழும் சொட்டுகளை இடது கண்ணால் எண்ணிக்கொண்டிருந்தார். நான் அவருடைய நல்ல கண் இருக்கும் பக்கமாக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, டாக்டரம்மா அன்னைக்குச் சொன்னது தொறக்கறதில்லீங்ப்பா."

"பின்னென்ன?"

"எடுக்கறதுங்."

"எத?"

என் வாயில் அந்தச் சொல் வரவில்லை. என் வலது புருவத்தைத் தொட்டுக் காட்டினேன். அப்பா என் விரலையே பார்த்தார். பிறகு முகத்தைத் திருப்பிப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். பாச்சு மாமா தூங்குகிற மாதிரி செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். தாள் அசையவே இல்லை.

"சாமிக்கு எடுத்த மாதரயா?"

"ஆமாங்."

'தெகீபேகு' என்று சத்தமில்லாமல் அவர் உதடு ஒருமுறை சொல்லிப் பார்த்தது. "அந்தப் புள்ள அத்தன தன்மையாச் சொல்லுச்சே" என்றார். பிறகு, "உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரியுங்."

"செவ்வாக்கெழம."

"ஆமாங்."

"நான் உங்கம்மாகிட்டச் சொல்றப்ப பக்கத்துலதான நின்ன."

"ஆமாங்ப்பா."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "துணியெல்லாம் எடுத்து வெய்யி. குமாரனுக்குப் போனப் போடு" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கால்கள் தரையில் செருப்பைத் துழாவின. எழுந்து நின்றபோது கையில் ஏறியிருந்த டியூப் இழுத்து, கம்பி ஸ்டாண்ட் கட்டிலில் மோதிச் சத்தம் போட்டது. டியூபில் கொஞ்சம் ரத்தம் பின்னால் ஏறி வந்தது. அப்பா அதைப் பார்த்தார். பிறகு பையைப் பார்த்தார்.

"இது முடிய எவ்வளவு நேரமாகும்?"

நோட்டைப் பார்த்துச் சொன்னேன். "இன்னும் ஒண்ணே முக்கா மணி நேரமுங்."

"பாதில நிறுத்துனா?"

"அத்தனையும் வீணுங்ப்பா."

கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். கதவு வரை போவதற்கு அந்த டியூப் நீளம் போதாது. மெல்ல உட்கார்ந்தார். "முடியட்டும்" என்றார்.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் நான் தமிழில் விளக்கிச் சொன்னேன். பூஞ்சை எங்கே ஆரம்பித்தது, எந்த வழியாகக் கண்ணுக்குப் பின்னால் போனது, எதை எதை எடுப்பார்கள், எதை விட்டுவைப்பார்கள் என்று ஒவ்வொன்றாக. எனக்குத் தெரிந்ததெல்லாம் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் கேட்டது. தமிழில் சொல்லும்போதுதான் எனக்கே முழுதாகப் புரிந்தது, அதனால் நடுநடுவே நிறுத்த வேண்டியிருந்தது. கண்குழி என்று சொல்ல வந்து, குழி என்ற சொல்லை விழுங்கிவிட்டு, கண்ணு இருக்கற எடம் என்றேன். அப்பா "குழின்னு சொல்லு" என்றார். ஒரு தடவைதான் குறுக்கே பேசினார்.

எல்லாம் முடிந்த பிறகு, "வெரலு ஆறுன மாதர இதுவும் ஆறிப்போச்சுன்னா?" என்று கேட்டார்.

"எனக்குத் தெரியலீங்ப்பா. மண்டைக்குள்ள போயிரும்னு டாக்டரம்மா சொல்றாங்க."

"அந்தம்மா சொல்றது இருக்கட்டும். நீ என்ன சொல்ற?"

இப்படி ஒரு கேள்வியை அவர் என்னிடம் கேட்டதில்லை. மைசூருக்கு வேலைக்கு வரும்போதுகூட நான்தான் அவரிடம் கேட்டேன். கையைத் தூக்கத் தயங்குகிற அதே தயக்கம் வந்தது. சொன்னது தப்பாகிவிட்டால் அதைச் சரிபார்க்க இரண்டாவது தடவை கிடையாது.

"எடுத்தரலாங்" என்றேன்.

சொட்டு நின்றது. சிஸ்டர் ஸ்ரீதேவி வந்து டியூபைக் கழற்றி, கறுப்புத் தாளோடு பையைச் சுருட்டி வாளியில் போட்டார். "ஃபார்ம்?" என்று என்னிடம் கேட்டார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. அப்பாவைப் பிடித்துவைக்க இப்போது டியூப் இல்லை. கதவு திறந்துதான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார், பிறகு என் மடியில் இருந்த படிவத்தைப் பார்த்தார்.

"எங்க போடோணும்?"

நான் இரண்டு கோடுகளையும் காட்டினேன். மேலே இருப்பது அவருடையது, கீழே இருப்பது என்னுடையது என்றேன்.

"மொதல்ல நீ போடு."

போட்டேன். என் கையெழுத்து ஒருபோதும் ஒரே மாதிரி வருவதில்லை. அன்று ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, பள்ளிக்கூடத்தில் எழுதுகிற மாதிரி வந்தது. அப்பா படிவத்தை வாங்கி, தலையைச் சாய்த்து, என் பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போல வெகு நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். நோட்டைத் தாங்கலாக வைத்து அவர் தொடையின் மேல் படிவத்தை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

பேனா இறங்கி வந்தது. கோட்டுக்கு நேர் மேலே, தாளைத் தொடாமல், ஒரு நகத்தின் அளவு உயரத்தில் நின்றது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்களுக்குக் கிட்டத்தில் இருப்பதன் தூரம் பிடிபட நாளாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் நிறுத்திவிட்டாரா, தாளைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தாளைக் கொஞ்சம் உயர்த்தினால் முனை பட்டுவிடும். என் இரண்டு கைகளும் தாளின் அடியில்தான் இருந்தன. பேனா முனையின் நிழல் கோட்டின் மேல் சின்னப் புள்ளியாக விழுந்திருந்தது.